பதினொரு திறந்த வாய்கள்

பட்டப்பகல், மணி பன்னிரண்டு இருக்கும். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி. ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்திருந்தார்கள். அந்த இருட்டில் பதினொரு பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் இருந்தார்கள். நிற்கத் தெரியாததுகளைத் தாய்மார்கள் இடுப்பில் வைத்திருந்தார்கள். எல்லார் வாயும் திறந்திருந்தது.

நான் யாரையும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. படியில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டதுமே திறந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஒன்றுகூட அழவில்லை. வெள்ளை உடுப்பைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிற வயதுப் பிள்ளைகள். வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கீழே கடையில் காலை முதல் மாலைவரை இரும்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அன்று அங்கேயும் சத்தம் இல்லை. கடைவாசலில் சீன முதலாளி தவுக்கே ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்ததை வரும்போது பார்த்தேன்.

"பாருங்க மிஸ்ஸி," என்றாள் பார்வதி. அந்த மாடியில் எனக்கு முதலில் பழக்கமானவள் அவள்தான். "அடுத்தாப்புல ஆத்தா யார்கிட்ட வரப்போறான்னு பாத்துச் சொல்லுங்க."

என் கையில் டார்ச் லைட் இருந்தது. அவர்களை அப்படி வரிசையில் நிற்கவைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

இந்த வாரம் சிரிப்பு இல்லை

சென்ற வாரம் இந்தத் தொடரில் கஞ்சி போட்டு விறைத்த எங்கள் நர்ஸ் தொப்பிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எப்போதும் சிரிக்கவே வைக்கிறீர்களே, நீங்கள் பயந்ததே கிடையாதா?"

பயந்திருக்கிறேன் அம்மா. யாரைப் பார்த்து என்று கேட்டால்தான் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்னைப் பார்த்தேதான்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. தேக்கா பக்கம் ஒரு தாய்சேய் நலக் கிளினிக்கில் நான் நர்ஸ். அந்தக் காலத்தில் நர்ஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள், தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் நாங்கள் 'மிஸ்ஸி'. பிலோமினா என்று எனக்கொரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கும் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

காலையில் கிளினிக், பிற்பகலில் வீடு வீடாகப் போக வேண்டும். கறுப்புப் பை, குடை, நடை. இருபத்துநாலு வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

தோலைப் பார்க்காதே

கிளினிக்குக்கு வாரம் இருமுறை ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வருவார். ஒல்லியானவர், சிரிக்கமாட்டார், காப்பி கொடுத்தால் ஆறவிட்டுத்தான் குடிப்பார். ஒரு நாள் என்னை அருகே கூப்பிட்டு ஒரு பிள்ளையின் வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார்.

"காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. இது நாலும் சேர்ந்து வந்த பிள்ளையிடம் தோலைப் பார்க்காதே. கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்."

பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, சிவந்துபோன சதையின்மேல், யாரோ ரவையைச் சிந்தினது போல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பாலாடையாக இருக்கும் என்று துணியால் துடைத்தேன். போகவில்லை.

தட்டம்மை தோலில் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அது வாயில் இப்படி வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்பு தொடங்கி உடம்புக்கு இறங்கும். அதற்குள் வாயிலுள்ள புள்ளிகள் கரைந்து காணாமல் போய்விடும். எல்லா அம்மைப் பிள்ளைக்கும் அவை கண்ணில் படும் என்றும் இல்லை. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் வந்திருப்பது தட்டம்மைதான்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். தடிப்பு தெரியாத அந்த நாட்களிலேயே அது வேகமாகப் பரவும், மற்றப் பிள்ளைகளை, முக்கியமாகக் கைக்குழந்தைகளை, அண்டவே விடாதே என்றார். அதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியது நோட்டிலேயே இருந்துவிட்டது.

மனதில் ஏறியது வேறு. நாளை நடக்கப்போவது இன்று எனக்கு மட்டும் தெரிகிறது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஒரு போதை. நான் சொன்ன நாளில் சொன்ன இடத்தில் தடிப்பு கிளம்பினால், பரீட்சையில் முதலாவதாக வந்தது மாதிரி எனக்கு ஒரு துள்ளல் வரும். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும், நான் துள்ளிக்கொண்டிருப்பேன்.

தன் வாயால் கெட்டது

பார்வதி தன் மகள் செல்வியைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை. செல்விக்கு ஐந்து வயது. இரண்டு நாள் காய்ச்சல், நாய் குரைப்பது மாதிரி இருமல். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டேன் என்றது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். இரண்டு கன்னத்திலும் ரவை.

அதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? தட்டம்மை என்று நோயாகப் பெயர் சொன்னால் நம் பெண்களுக்குப் பிடிக்காது. வந்திருப்பது நோயில்லை, மாரி. போன மாதம்தான் ஒருத்தி, "வாயக் கழுவுங்க மிஸ்ஸி!" என்று என்னிடம் கத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆகவே இந்த முறை சாமர்த்தியமாக நடந்துகொள்ள நினைத்தேன். அவர்கள் பேச்சையே பேசினால் கேட்பார்கள் அல்லவா?

"பார்வதி, ஆத்தா வரப்போறா. இன்னும் ரெண்டு நாள்ல முகத்துல காட்டிடுவா. பிள்ளைய வெளிய எங்கயும் கொண்டு போவாத, வீட்டுலயே வச்சிரு."

பார்வதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோயில் வாசலில் நிற்பவள் போல் மெதுவாகக் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஒங்களுக்கு எப்படி மிஸ்ஸி தெரியுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

வீட்டிலேயே வை என்று சொன்னேனே, அந்த வீட்டைப் பற்றி யோசித்தேனா? பலகையால் தடுத்த எட்டு அறைகள், எட்டுக் குடும்பம், ஒரே அடுப்படி. செல்வியை விட்டுவிட்டு எண்ணினால் பதினொரு பிள்ளைகள்.

இன்னும் வராதவளுக்கு வரவேற்பு

அம்மன் வந்த வீட்டுக்கென்று நம்மவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரக்கூடாது. தாளிக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. டாக்டரம்மா சொன்னதும் ஏறக்குறைய அதேதான். அந்தச் சட்டத்தை நான் என்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டமெல்லாம் அவள் வந்த பிறகுதானே? செல்வியிடம் அவள் இன்னும் வரவில்லையே!

வழக்கமாக அவள் சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். அடுப்பில் மீன் கொதிக்கும், வீடு பெருக்காமல் கிடக்கும், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள். இந்த முறை இரண்டு நாள் முன்னாலேயே தகவல் வந்துவிட்டது. அப்படி ஒரு பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் காலை மாடி முழுவதையும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். புதுப்பாயில் செல்வியை உட்காரவைத்து மஞ்சள் துணி போர்த்தியிருக்கிறார்கள். எட்டு அறைப் பெண்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவள் காலில் விழவைத்திருக்கிறார்கள். வருவதற்கு முன்பே வணங்கியவர்களை ஆத்தா தொடமாட்டாள் என்று கணக்கு. செல்வி தன் கையால் எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசியிருக்கிறாள். ஒரே தம்ளரில் அவள் வாய் வைத்துக் கொடுத்த தண்ணீரை எல்லாப் பிள்ளைகளும் குடித்திருக்கின்றன.

பக்கத்து அறைக் கமலம் தன் பத்துமாதப் பிள்ளை முருகேசைச் செல்வியின் மடியிலேயே கிடத்தினாள். நாலு கருச்சிதைவுக்குப் பிறகு பிறந்த பிள்ளை அது. ஆத்தாவின் மடியில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று நினைத்தாள். செல்வி அவன் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டே இருந்தாளாம்.

அடுத்த நாள், நான் சொன்னபடியே, காதுக்குப் பின்னால் தடிப்பு கிளம்பியது.

இதையெல்லாம் நான் நாலு நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது பார்வதி ஒன்று விடாமல் சொன்னாள். பூரிப்பில் அவளுக்குக் கண் கலங்கியது. நான் விரல் விட்டு எண்ணினேன். மற்றப் பிள்ளைகளிடம் அது தெரிய இன்னும் ஆறேழு நாள்.

கைக்குழந்தைகளுக்கு முன்கூட்டியே போட ஓர் ஊசி இருந்தது. டாக்டரம்மா பிள்ளையை உடனே கொண்டுவரச் சொன்னார். நான் ஓடிப்போய்க் கமலத்திடம் சொன்னேன்.

"ஆத்தா வூட்டுல இருக்கறப்ப ஊசியா? நீங்களே இப்படிச் சொல்லலாமா மிஸ்ஸி?" என்றாள்.

'கமலம், நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, அந்தச் சடங்கில் உன் பிள்ளைக்கு ஒட்டியிருக்கும்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மாடியில் எல்லாரும் என்னை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிராங்கூன் ரோட்டில் நான் நடந்தால் பூக்கடைக்காரர் எழுந்து நிற்பார். சில தாய்மார் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள். நான் பார்த்தால் வந்துவிடும் என்று பயம். அறிவில்லாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே நடப்பேன். ஆனால் அந்த வாரம் கண்ணாடிமுன் நின்று என் வாயை நானே திறந்து பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தோணி

வரிசைக்குத் திரும்புமுன் தஞ்சோங் பகாருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கேதான் நான் பிறந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறு பூசை தவறமாட்டோம். ஆனாலும் என் தம்பி அந்தோணிக்கு அம்மை கண்டபோது, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு அடியில் அம்மா வேப்பிலை செருகினாள். நம் ஜனங்களுக்கு மதம் மாறலாம், வேப்பிலை மாறாது.

அந்தோணிக்கு இரண்டு வயது. மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் அப்பா. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடாது என்றார்கள். அம்மாவும் கூடாது என்றாள். சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு திடீரென்று எழுந்து கத்தத் தொடங்கினாள். "கொண்டு போங்க! இன்னும் எதுக்கு ஒக்காந்திருக்கீங்க, கொண்டு போங்க!" அந்தக் குரல் எங்கள் அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் தரையிலிருந்து வருவது போல் இருந்தது. மூலையில் நின்ற நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் கத்தியபோது அந்தோணி போய்விட்டிருந்தான்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு தரம்கூடப் பேசியதில்லை.

பதினொன்றாவது

இனி அந்த மாடிக்கு வருகிறேன். சடங்கு நடந்து பதினோராம் நாள். பார்வதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்: "ஆத்தா மத்தப் பிள்ளைங்களையும் கேக்கறா, மிஸ்ஸி வந்து பாக்கணும்."

டார்ச்சைப் போட்டேன். முதல் பிள்ளையின் கன்னத்தில் ரவை. இரண்டாவதில் இல்லை, ஆனால் கண் சிவந்திருந்தது. மூன்றாவதில் ரவை. நாலாவதில் ரவை. ஒவ்வொரு வாயாக வெளிச்சம் போகும்போது தாய்மார்கள் பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்திலிருந்தே படித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கும்பிட்டாள். துக்கப்பட வேண்டியவர்கள் கும்பிடுவதைப் பார்க்க எனக்குக் குளிரெடுத்தது.

கடைசியில் கமலம். முருகேசின் வாய் தானாகவே திறந்து கிடந்தது. விரலை உள்ளே விட்டேன், கடிக்கவில்லை, தள்ளவில்லை. இரண்டு கன்னமும் வெள்ளை. சட்டையைத் தூக்கினேன். மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்கடியில் குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

"கமலம், கெளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"மாட்டேன் மிஸ்ஸி. அவ வந்திருக்கறப்ப படி தாண்டக்கூடாது."

"மூச்சப் பாரு கமலம்! சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"அவ குடுத்த பிள்ள. அவ பாத்துக்குவா."

கெஞ்சினேன். அதட்டினேன். டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னேன். கமலம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

அப்போது மூலையிலிருந்து செல்வி பேசினாள். அவளுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. முகத்தில் தோல் தவிடு தவிடாக உதிர்ந்துகொண்டிருந்தது. விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆத்தா என்ன சொல்றா மிஸ்ஸி?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான், "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொண்டு போ."

அறைக்குள் யார் பேசியது என்று நானே சுற்றிப் பார்த்தேன்.

"கொண்டு போடி. இன்னும் எதுக்கு ஒக்காந்திருக்க? கொண்டு போ!"

தரையிலிருந்து வருகிற குரல். தஞ்சோங் பகாரில் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட அதே குரல், என் வாயிலிருந்து. டார்ச் கீழே விழுந்து உருண்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அப்போதுதான் வாயை மூடினார்கள். மூடிய கையோடு அத்தனை பேரும் ஒன்றாக அழத் தொடங்கினார்கள்.

கமலம் படியை நோக்கி ஓடினாள். என் பக்கம் வரும்போது மட்டும் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள், என்னைத் தொட்டுவிடக்கூடாது என்று. கீழே தவுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் தன் லாரியை எடுத்தார்.

வலது காது

முருகேசு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். மற்றப் பிள்ளைகளில் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. எல்லாரும் தேறினார்கள்.

நான் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேறு தெய்வத்தின் பெயரால் பேசினேன் சாமி என்றேன். "ஏமாற்றுவதற்காகப் பேசினாயா?" என்று கேட்டார் பாதிரியார். "தெரியல சாமி" என்றேன். அவர் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. நடிக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது என்பது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முருகேசின் காதில் சீழ் வைத்தது. இடது காது கேட்காமல் போய்விட்டது. கமலத்துக்கு அதில் குறையே இல்லை. "உயிரக் குடுத்துட்டு ஒரு காத எடுத்துக்கிட்டா, போவட்டும் லா" என்று எல்லாரிடமும் சொல்லுவாள். அறுபதுகளில் அந்தக் கடைவீட்டைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். போன பிறகும் வருடந்தோறும் ஒரு தட்டில் பூ, பழம், புடவையோடு என் வீட்டுக்கு வருவாள். ஒரு கத்தோலிக்கக்காரியின் காலில் விழுவாள். "நீங்க வாயத் தொறந்ததாலதான் எம்புள்ள பொழச்சான்" என்பாள்.

ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நான் வாயைத் திறந்ததால்தான் அவனுக்கு அது ஒட்டியது, கமலம். ஊருக்கெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று சொன்னவள், அவள் முன்னால் மட்டும் காப்பியை ஆற்றிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தப் புடவைகளை நான் கட்டியதில்லை. பெட்டியில் அப்படியே இருக்கின்றன.

கமலம் போன வருடம் இறந்துபோனாள். சாவு வீட்டில் முருகேசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. வழக்கம்போல வலது காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, "ஏதாச்சும் சொன்னீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டான். "ஒன்னுமில்லப்பா" என்றேன்.

இந்தத் தொடரை அவன் வாராவாரம் படிக்கிறானாம்.

முருகேசு, உன் காதை எடுத்தது ஆத்தா இல்லை. நான்தானப்பா.